மயிரிழை

மயிரிழையில் தப்பினான் நாயகன்.
அந்த மயிரிழையை
நான்தான் ஒவ்வொன்றாய் வெட்டி எடுத்தேன்,
மலாடில், மூன்றாவது மாடியில்,
இரவு பத்திலிருந்து காலை ஏழுவரை,
நூற்று நாற்பத்தாறு பிரேம்.

அவன் குதித்தது
நாலடி பெஞ்சிலிருந்து
பச்சை மெத்தைமேல்.
இடுப்பில் கம்பி.
கம்பியின் மறுமுனையில் இரண்டு பேர்,
ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார்.
கம்பியை அழித்தேன். ஆட்களை அழித்தேன்.
லுங்கிக்காரரின் நிழல் மட்டும்
போகமாட்டேன் என்று தரையில் கிடந்தது.
விடிய விடிய அதோடு மல்லுக்கட்டினேன்.
பள்ளத்தாக்கை வேறு யாரோ செய்கிறார்,
வேறு ஏதோ ஊரில்.
அது எவ்வளவு ஆழம் என்று
எனக்குச் சொல்லப்படவில்லை.

பச்சைத் துணிமுன் நிற்பவர்மேல்
பச்சை கசியும்:
காதோரம், தாடைக்கடியில்,
கண்ணின் வெள்ளையில்கூட.
துடைக்க ஒரு கருவி இருக்கிறது.
அளவு மிஞ்சினால் முகம்
பிணத்தின் முகமாகிவிடும்.
கொஞ்சம் விட்டுவை என்பார்
சூப்பர்வைசர் பராஞ்சபே,
உப்புமாவில் மிளகாய் பொறுக்குகிறவரைத்
தடுப்பதுபோல.

ஏழே முக்கால் லோக்கலில்
நின்றபடி தூங்கி
தாதரில் மாறி
சயானில் இறங்கினேன்.
ஜூன் முதல் வாரம்.
மழை வருவதற்குள்
எல்லாக் கூரைக்கும் நீலத் தார்ப்பாய் ஏறிவிட்டது.
நடைபாலத்தின் மேலிருந்து பார்த்தால்
தாராவி முழுக்க ஒரே நீலம்.
இவ்வளவு பெரிய திரையை
எந்த ஸ்டுடியோவிலும் நான் கண்டதில்லை.
ஒரு சொடுக்கு போதும்,
நாங்கள் இருந்த இடத்தில்
எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.
வைத்தும் பார்த்திருக்கிறார்கள்,
சாலையோர விளம்பரப் பலகையில்:
நாற்பது மாடி, நீச்சல்குளம்,
நாய்க்குட்டியோடு நடக்கும் ஒரு பெண்.
விளிம்பு சுத்தமில்லை.
என்னிடம் கொடுத்திருந்தால்
அவள் கால் தரையிலாவது பட்டிருக்கும்.

எங்கள் சந்துக்குள் நுழைய முடியவில்லை.
படப்பிடிப்பு.
மீந்த தார்ப்பாயைச் சுவரில் ஆணியடித்து,
குடத்தின்மேல் குடம் வைத்து
மேலே போனைச் சாய்த்து,
இயக்குநர் ரெனிஷா, வயது பத்து.
"அக்கா, குறுக்க வராதீங்க.
நிலாவுல இருக்கோம்."

பள்ளி திறக்க இன்னும் பத்து நாள்.
புதுச் சீருடையைப் போட்டுப் பார்க்கும் ஆசையில்
அதோடேயே வந்திருந்தான் இசக்கிராஜ்,
தலையில் அப்பாவின் ஹெல்மெட்,
கையில் தோல்பட்டறைக் கையுறை.
மெல்ல, மிக மெல்ல,
எடையே இல்லாதவனாக
சாக்கடை மூடியைத் தாண்டினான்.

போனில் காட்டினார்கள்.
சீருடையும் நீலம்.
ஹெல்மெட் இருந்தது,
அதன் கீழே நிலாவின் குழிகள்,
அதற்கும் கீழே
புழுதி படிந்த இரண்டு முழங்கால்.
நடுவில் ஆள் இல்லை.

என் கை துறுதுறுத்தது.
"சிவப்புச் சட்டை போடச் சொல்லு,
இல்லாட்டி ராத்திரி குடு,
நான் சரிபண்ணித் தர்றேன்."

ரெனிஷா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"என்ன சரிபண்ணணும்?
நிலாவுல சோறு கிடையாதுல்ல.
அதான் வயித்த
பூமியிலயே வச்சுட்டு வந்துட்டான்."

அஃப்ரினும் ஓம்காரும் தலையாட்டினார்கள்,
கதை அப்படித்தான் என்பதுபோல.

நான் நகர்ந்தேன். என் நிழல்
தார்ப்பாயில் சரிந்து விழுந்தது.
அதை என்ன செய்வதென்று
அந்த ஆப்புக்குத் தெரியவில்லை,
கரும்பாறையாய் அப்படியே விட்டுவிட்டது.
விலகப் போனவளை
கையை நீட்டி நிறுத்தினாள்.
"அங்கேயே நில்லுங்கக்கா. மலை வேணும்."

தூக்கம் கண்ணைக் கட்ட
தோள்பையோடு
பத்து நிமிடம் மலையாக நின்றேன்.
பைக்குள் டிபன் டப்பா கிணுங்கியபோது மட்டும்
"கட்" என்று கத்தினாள்.